கால்பந்தைத் தொழிலாக ஏற்க விரும்பும் பெண்ணுக்கும் அவளுடைய பெற்றோருக்கும்: தமிழ்நாட்டிலிருந்து தொடங்கும் வழி

இந்தியாவில் பெண்கள் ஆடும் மிக உயர்ந்த கிளப் போட்டி இந்திய மகளிர் லீக். 2016-17 பருவத்தில் தொடங்கியது. 2024-25 பருவத்தில் 8 அணிகள் ஆடின. ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். சில மாதங்களில் பருவம் முடிந்துவிட்டது. ஆகவே கால்பந்தைத் தொழிலாக எடுக்க நினைக்கும் குடும்பம், லீகில் இடம் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: லீக் நடக்காத மாதங்களில் எதை வைத்து வாழ்வது, எந்த மைதானத்தில் யாரோடு பயிற்சி செய்வது? இந்தக் கேள்விக்குப் பதினான்கு வயதிலேயே விடை தேடத் தொடங்கியவர்கள்தான் முப்பது வயதிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் பிறந்தவர், இந்திய அணியில் மிட்ஃபீல்டராக, அதாவது நடுக்கள ஆட்டக்காரராக ஆடியவர், நாட்டின் முன்னணி கிளப்புகளுக்கும் ஆடியவர். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் போட்டியின் இறுதியாட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் இருந்தவர். அவரே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். காக்கிச் சட்டையும் இந்திய ஜெர்சியும் அவர் வாழ்க்கையில் ஒன்றுக்கொன்று இடையூறாக இருக்கவில்லை. முன்னது கொடுத்த நிலைத்தன்மை பின்னதற்கு உதவியது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பாதையையே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆட்டம், படிப்பு, வேலை, காகிதம் ஆகிய நான்கையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்.

முதல் படி: ஆடும் இடத்தைப் பிடிப்பது

பத்து வயதில் தொடங்கினால் நல்லது. பதின்மூன்றில் தொடங்கியும் மேலே வந்தவர்கள் உண்டு. ஆனால் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் போதாது. வாரத்தில் நான்கைந்து நாள் குழுவாகப் பயிற்சி நடக்கும் ஓர் இடம் வேண்டும். உங்கள் ஊரில் பெண்களுக்கென்று தனி அணி இல்லாவிட்டால் ஆண் பிள்ளைகளோடு ஆடுங்கள். சிறு வயதில் பையன்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய பெண்களுக்குப் பந்தை விரைவாக அடக்கி விரைவாகக் கொடுக்கும் பழக்கம் வந்துவிடும். "பையன்களோடு ஏன் ஆடுகிறாய்" என்று தெருவில் நாலு பேர் கேட்பார்கள். பெற்றோர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில் தினமும் வந்து நின்றாலே போதும். அம்மாவோ அப்பாவோ வந்து நிற்கும் பிள்ளையைப் பற்றி ஊர் பேசுவது தானாகக் குறையும்.

இடம் தேட மூன்று கதவுகள் உண்டு. ஒன்று, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் பள்ளி வழியாகவே திறக்கும். இரண்டு, மாவட்டக் கால்பந்து சங்கம். மாநில அணிக்கான தேர்வு எங்கே, எப்போது என்ற செய்தி அங்கேதான் முதலில் வரும். மூன்று, மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வை அறிவிப்பது இந்த அலுவலகம்தான். பொதுவாக 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும். தங்குமிடம், உணவு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் சேர்ந்து கிடைக்கும் என்பதால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. அறிவிப்பு வந்தபின் சான்றிதழ் தேடி அலைந்தால் நாள் கடந்துவிடும். முழு ஆண்டுத் தேர்வு நடக்கும் நேரத்திலேயே அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் போய் விசாரித்து வையுங்கள்.

பயிற்சியாளரை எப்படி மதிப்பிடுவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவருடைய கோப்பைகளை எண்ண வேண்டாம். சிறு பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தே நேரத்தைக் கழிக்கிறாரா, ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து இருக்கிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அடிபட்ட பிள்ளையை "எழுந்து ஓடு" என்று விரட்டுகிறாரா, உட்கார வைக்கிறாரா என்று பாருங்கள். பயிற்சியாளர் உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் தவறேதும் இல்லை. நல்ல பயிற்சியாளர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இரண்டாம் படி: காகிதங்கள்

இதைப் படித்துவிட்டு அடுத்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. பிறப்புச் சான்றிதழ் முதன்மையானது. வயதுப் பிரிவுப் போட்டிகளில் பிறந்த தேதியை மட்டுமல்லாமல் அது பதிவான தேதியையும் பார்ப்பார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்த சான்றிதழ்மேல் சந்தேகம் எழும். பள்ளிப் பதிவேடு, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கட்டும். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எலும்பு வளர்ச்சிப் பரிசோதனையில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் பெயர் கெட்டுவிடும். ஆலோசனை சொன்னவர் பெயர் எங்கும் பதிவாகாது.

அடுத்தது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவு. ஒவ்வொரு வீராங்கனைக்கும் தனி எண் உண்டு. கிளப்போ மாவட்டச் சங்கமோ பதிவு செய்யும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த கிளப்பின் பெயரில் நீங்கள் பதிவாகியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் இருந்தால், வேறு கிளப் கூப்பிடும் நாளில் மாற்றம் சிக்கலாகிவிடும். கடவுச்சீட்டைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே எடுத்துவிடுங்கள். இந்திய இளையோர் முகாமுக்கு அழைப்பு வந்தபின் விண்ணப்பிப்பதற்கு நேரம் இருக்காது. பங்கேற்ற ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் ஒரு கோப்பில் வையுங்கள். பிற்காலத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் சாட்சி சொல்லப் போவது இந்தக் கோப்புதான்.

மூன்றாம் படி: ஆட்டத்தில் எதை வளர்ப்பது

தேர்வு நடத்துபவர்கள் ஒரு பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடங்கள்தாம். அந்த நேரத்தில் பத்துப் பேரை வெட்டிக்கொண்டு ஓடிக் கோல் அடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணில் படுவது வேறு. பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறாளா? முதல் தொடுதலில் பந்து காலடியில் நிற்கிறதா? பந்தை இழந்தவுடன் அதே வேகத்தில் பின்னால் ஓடி வருகிறாளா? சக வீராங்கனைகளோடு பேசி ஆடுகிறாளா? இந்த நான்கும் பயிற்சியால் வருபவை. பிறவித் திறமை தேவையில்லை.

இரண்டு காலாலும் ஆடப் பழகுங்கள். சுவரில் பந்தை அடித்துத் திரும்பி வாங்கும் பழக்கத்துக்குச் செலவே இல்லை. வலிமைப் பயிற்சியைப் பெண்கள் தவிர்க்கக் கூடாது. எடை தூக்கினால் உடல் ஆண் போல ஆகிவிடும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது; அது வீண் பயம். தொடையும் இடுப்பும் வலுவாக இருந்தால்தான் வேகமும் வரும், முழங்காலும் தாங்கும்.

அணியில் எந்த இடத்தில் ஆடுவது என்பதைப் பற்றி ஒரு கருத்து. எல்லாப் பிள்ளைகளும் முன்னால் நின்று கோல் அடிக்கும் ஸ்டிரைக்கர் ஆக விரும்புகிறார்கள். உயரமும் துணிச்சலும் உள்ள பெண்ணுக்கு கோல்கீப்பர் இடம் நல்ல வாய்ப்பு. அதற்கென்று முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்த அதிதி சவுகான் இங்கிலாந்தில் படிக்கச் சென்று 2015இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணியில் ஆடினார். இடது காலால் ஆடும் டிஃபெண்டர்களுக்கும் (தடுப்பு ஆட்டக்காரர்களுக்கும்) எந்த அணியிலும் தேவை இருக்கிறது.

நான்காம் படி: முழங்கால், இரத்தம், மாதவிடாய்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். திறமை இருந்தும் பாதியில் நின்றுபோன பெண்களின் கதையைக் கேட்டால் பல நேரங்களில் முழங்காலில் வந்து முடியும்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதோ குதித்துக் கால் ஊன்றும்போதோ கிழிகிறது. உலகின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்ற ஸ்பெயினின் அலெக்சியா புதெயாஸ் 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் நேரத்தில் பயிற்சியின்போது இப்படிக் காயமடைந்தார். மீண்டும் களத்துக்கு வர ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அவருக்குப் பின்னால் பார்சலோனா கிளப்பின் மருத்துவக் குழுவே நின்றது. நம் ஊர்ப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சைச் செலவைக் கொடுப்பது யார் என்ற கேள்வியே பெரிது.

தடுக்க வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா உருவாக்கிய "11 பிளஸ்" என்ற தயார்ப்படுத்தும் பயிற்சி இருபது நிமிடங்கள் எடுக்கும். மெதுவான ஓட்டம், பிறகு வலிமை, சமநிலை, குதித்தல், கடைசியில் வேக ஓட்டம் என்று மூன்று பகுதிகள். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரலின் நேர்கோட்டில் மடிய வேண்டும். தோழி ஒருத்தி முன்னால் நின்று பார்த்துச் சொன்னால் போதும். உங்கள் பயிற்சியாளர் இதைச் செய்ய வைக்காவிட்டால், பயிற்சிக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய் நீங்களே செய்யுங்கள்.

இரத்தசோகை அடுத்த எதிரி. ஓட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்வு என்றால் சோம்பல் என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைச் சோதியுங்கள். அரசு மருத்துவமனையிலேயே இந்தச் சோதனை உண்டு. முட்டை, மீன், கீரை, கேழ்வரகு, சுண்டல், நிலக்கடலை ஆகியவை நம் சமையலறையில் இருப்பவையே. சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். காலையில் வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு அப்படியே பள்ளிக்கு ஓடும் பழக்கம் உடலைத் தின்றுவிடும். ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போக வேண்டும். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் ஏதாவது சாப்பிட வேண்டும்.

மாதவிடாயைப் பற்றி வீட்டிலும் மைதானத்திலும் வெளிப்படையாகப் பேசுங்கள். தேதியைக் குறித்து வைப்பது விளையாட்டுக்காரியின் கடமைகளில் ஒன்று. தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால், பயிற்சிக்கு ஏற்ற அளவு உணவு கிடைக்காததால் உடல் அதை நிறுத்தியிருக்கலாம். எலும்பும் பலவீனமாகத் தொடங்கும். மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி அது. "ஆடுகிற பெண்களுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

காலணியில் மட்டும் பெரிய கம்பெனிப் பெயரைத் தேட வேண்டாம். அளவும் அடிப்பகுதியும் சரியாக இருந்தால் போதும். நம் மைதானங்கள் பெரும்பாலும் கட்டாந்தரை. புல்தரைக்கான நீளமான ஸ்டட் (அடிப்பகுதியில் உள்ள குமிழ்) உள்ள ஷூ அங்கே காலைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகும். குட்டையான, நெருக்கமான ஸ்டட் உள்ளதை வாங்குங்கள். முன்னங்காலைக் காக்கும் ஷின் கார்டு, விளையாட்டுக்கான நல்ல உள்ளாடை இரண்டையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பாதுகாப்பு

2022இல், இந்தியா தன் மண்ணில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையை நடத்துவதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த வயதுத் தேசிய அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் தவறான நடத்தைக்காகப் பதவி நீக்கப்பட்டார். தேசிய அணியிலேயே இது நடந்தது என்பதை எந்தப் பெற்றோரும் மறக்கக் கூடாது. இதற்காகப் பிள்ளையை வீட்டில் முடக்குவது அநியாயம். கேள்வி கேட்பதே பாதுகாப்பு. விடுதியில் பெண் காப்பாளர் இரவில் தங்குகிறாரா? வெளியூர்ப் பயணத்தில் பெண் ஒருவர் உடன் போகிறாரா? பயிற்சியாளர் பிள்ளையோடு தனியாகப் பேசும் நேரம் ஏன் தேவைப்படுகிறது? செய்திகளைப் பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்பினால் என்ன? குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிது, எதைச் சொன்னாலும் ஆட்டத்தை நிறுத்திவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு வீட்டில் இருப்பது. "சொன்னால் அப்பா விளையாட விட மாட்டார்" என்ற பயம்தான் பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது.

ஆறாம் படி: மாநில அணி, கிளப்

மாவட்டத்திலிருந்து மாநிலத்தின் சப்-ஜூனியர், ஜூனியர் அணிகள், பிறகு சீனியர் அணி. சீனியர் தேசியப் போட்டி 1991 முதல் நடக்கிறது. இப்போது ராஜமாதா ஜீஜாபாய் கோப்பை என்ற பெயரில். 2018க்குப் பிறகு 2023இலும் அம்ரித்சரில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு அதைப் பெற்றது. ஆகவே தமிழ்நாட்டு அணியில் இடம் பிடிப்பது கடினம்; பிடித்துவிட்டால் நாடே பார்க்கும்.

கிளப் பக்கம், மாநில மகளிர் லீகில் ஆடும் அணிகளில் சேர்ந்து தொடங்க வேண்டும். மாநில லீகில் வெல்லும் அணிகளுக்கு இந்திய மகளிர் லீகின் இரண்டாம் நிலைக்குப் போகும் வழி உண்டு. அங்கிருந்து முதல் நிலைக்கு. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீகை வென்றது. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் பட்டம் அது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த கிளப்புக்காகக் கோல்களைக் குவித்துவிட்டு, பிறகு இஸ்ரேலுக்கும் பிரான்சின் கங்காம் கிளப்புக்கும் போனார். நம் பக்கத்து மைதானத்தில் ஆடிய ஒருவர் ஐரோப்பா வரை போயிருக்கிறார் என்பதை இளம் பெண்களுக்கு அடிக்கடி நினைவூட்ட வேண்டும்.

கிளப்புக்கு உங்களை அறிமுகப்படுத்த, கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி போதாது. ஒரு முழு ஆட்டத்தின் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். பந்து காலில் இல்லாதபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பயிற்சியாளர்கள் அதில்தான் பார்ப்பார்கள். தேர்வுக்குக் கட்டணம் கேட்கும் இடங்களில் கவனமாக இருங்கள். "ஒரு லட்சம் கொடுத்தால் அணியில் இடம்" என்பவரிடமிருந்து உடனே எழுந்து வாருங்கள். உங்களுக்குச் சம்பளம் தர வேண்டிய தொழிலில் நீங்கள் பணம் கட்டி நுழைவது முறையல்ல.

ஏழாம் படி: ஒப்பந்தத்தைப் படிப்பது

2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, இந்திய மகளிர் லீக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று அறிவித்தது. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 26,700 ரூபாய். இந்த எண்ணைப் பேச்சுவார்த்தைக்கு முன் தெரிந்துவைத்திருங்கள். அமெரிக்க மகளிர் லீகில் 2025இல் குறைந்தபட்ச ஊதியமே 48,500 டாலர். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அங்கேயும் வீராங்கனைகள் சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் பேசித்தான் அதை வாங்கினார்கள்.

வாய்ப்பேச்சை நம்பிப் பையைத் தூக்காதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டு, கையொப்பமிட்ட ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு சம்பளம், எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். தங்குமிடம், உணவு, ஊருக்குப் போய்வரும் பயணச் செலவு யாருடையது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காயம்பட்டால் ஸ்கேன், அறுவை சிகிச்சை, அதற்குப் பிந்தைய பிசியோதெரபி ஆகியவற்றின் செலவை யார் ஏற்பார்கள், ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் ஏற்பார்களா என்று எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காக வாதாடுங்கள். சம்பளத்தில் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த வரி இருக்கட்டும்.

ஃபிஃபாவின் விதிகள் சில உங்களுக்குத் துணை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருடன் மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் செய்ய முடியாது. மற்றவர்களுக்கு உச்சவரம்பு பொதுவாக ஐந்து ஆண்டு. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துப் பதினைந்து நாள் அவகாசம் தந்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு. சம்பளம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும். அண்ணன் கணக்குக்கோ பயிற்சியாளர் கணக்குக்கோ வேண்டாம்.

எட்டாம் படி: படிப்பும் வேலையும்

பன்னிரண்டாம் வகுப்பை முடியுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேருங்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் இன்னொரு மேடையைத் தரும். விடுதியும் மைதானமும் உள்ள கல்லூரி, லீக் இல்லாத மாதங்களில் உங்கள் பயிற்சிக்கூடமாகவே ஆகிவிடும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட, போட்டிக்காக விடுப்பு எடுத்தால் வருகைப்பதிவில் சலுகை தருவார்களா என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு, பொதுத்துறை வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறை, ரயில்வே, துணை ராணுவப் படைகள் ஆகியவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பல், மணிப்பூர் காவல்துறை போன்றவை தங்கள் சொந்த அணிகளோடு மகளிர் லீகில் ஆடியிருக்கின்றன. மணிப்பூரின் பாலா தேவியைப் பாருங்கள். மாநிலக் காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே இந்தியாவின் முன்னணி ஸ்டிரைக்கராக இருந்தவர், 2020 ஜனவரியில், ஏறத்தாழ முப்பது வயதில், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் செய்தார். வேலை இல்லாமலிருந்தால் அந்த வாய்ப்பு வரும்வரை அவரால் ஆட்டத்தில் நீடித்திருக்க முடிந்திருக்குமா?

வேலை கிடைத்தபின் வெளி கிளப்புக்கு ஆடத் துறையின் அனுமதி வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பொருளாதார உதவி தேவைப்படும் வீராங்கனைகள் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம்.

வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஆகஸ்டில் கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிய வேளையில், ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஒரு ஆட்டமும் ஆடாமல் அந்தப் பெண்கள் திரும்பினார்கள். இடைநீக்கம் அதே மாதத்திலேயே நீங்கியது, போட்டி போய்விட்டது. வீராங்கனைகள் செய்த தவறு எதுவுமில்லை. அலுவலகங்களில் நடப்பது உங்கள் கையில் இல்லை என்பதால், உங்கள் கையில் உள்ளதை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் படி: வெளிநாடு

பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக் கிராமப் பெண் மனிஷா கல்யாண், 2021 நவம்பரில் மனாவுஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராகக் கோல் அடித்தார். இந்தியா 6-1 என்று தோற்றது; ஆனால் அந்தக் கோலை உலகம் பார்த்தது. அடுத்த ஆண்டு சைப்ரஸின் அப்போலோன் கிளப்பில் சேர்ந்து, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பிறகு கிரீஸின் பி.ஏ.ஓ.கே. கிளப்புக்குப் போனார். அவர் போன வரிசையைக் கவனியுங்கள்: உள்நாட்டு லீக், தேசிய அணி, அதன் பிறகே வெளிநாடு. இந்திய அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச்சுற்று வழியாக அதை எட்டியது அதுவே முதல் முறை. இப்படிப்பட்ட ஆட்டங்கள் பெருகப் பெருக நம் பெண்களைப் பார்க்கும் கண்களும் பெருகும்.

முகவர் ஒருவர் அணுகினால், ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று அவர் பெயரை ஃபிஃபாவின் இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். பதினெட்டு வயது ஆகாத வீராங்கனையை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் மிகச் சில. ஆகவே பதினாறு வயதுப் பெண்ணுக்கு "ஐரோப்பாவில் ஒப்பந்தம் தயார், விசாவுக்குப் பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: ஆட்டத்தின் மறுபக்கம், குடும்பம்

ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் உரிமத்தின் தொடக்க நிலையை முடித்துவிடுங்கள். காயத்தால் உட்கார நேரும் மாதங்கள் அதற்கு ஏற்றவை. நடுவர் பணியும் இருக்கிறது. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஆட்டக்காரராகத் தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து ஃபிஃபா நடுவரான முதல் பெண் ஆனார். பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் போகும் பெண்கள் அடுத்த தலைமுறைக்குக் கதவைத் திறக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கதவைத் திறந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

திருமணப் பேச்சு வரும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், ஆட்டம் முதிர்ச்சி அடையத் தொடங்கும் நேரத்தில் வரும். மிட்ஃபீல்டரும் டிஃபெண்டரும் இருபத்தைந்துக்கு மேல்தான் ஆட்டத்தின் உச்சத்தைத் தொடுகிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். திருமணம் செய்தாலும் ஆட்டம் தொடரும் என்பதைப் பெண் பார்க்க வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே அப்பாவோ அம்மாவோ சொல்லிவிடுவது நல்லது. பெண்ணே தனியாகச் சொல்லும்படி விடாதீர்கள்.

குழந்தைப்பேறு தொழிலின் முடிவாக இருக்கத் தேவையில்லை. 2021 முதல் ஃபிஃபா விதிப்படி கிளப்புகள் குறைந்தது பதினான்கு வாரம் மகப்பேறு விடுப்பு தர வேண்டும், அந்தக் காலத்தில் ஒப்பந்த ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கொடுக்க வேண்டும். கருவுற்றதற்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் லியோன் கிளப்பில் இருந்தபோது கருவுற்றார். முழுச் சம்பளம் வராததால் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போனார். 2022இல் 82,000 யூரோவுக்கு மேல் அவருக்குக் கொடுக்குமாறு தீர்ப்பு வந்தது. அப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் கையில் இருக்க வேண்டியவை ஒப்பந்தப் பிரதி, மாதாமாதம் வங்கியில் விழுந்த தொகையின் பதிவு, கிளப் நிர்வாகத்துக்கு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகல். செல்பேசி தொலைந்தாலும் தொலையாத ஓரிடத்தில், சான்றிதழ் கோப்பின் பக்கத்திலேயே, அவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.